கூட்டாமல் விட்ட மூலை

படத்தின் பின்பக்கத்தில் நீல மையில் இரண்டே வரிகள்: "ஆறுமணிக் குருவி. பாலையூற்று வீட்டுப் பின்வளவு." பெரியப்பாவின் கையெழுத்து. திகதியை அவர் எழுதவில்லை. அதைப் படக்கடை இயந்திரம் முன்பக்கத்தின் வலது கீழ்மூலையில் செம்மஞ்சள் எண்களில் அச்சிட்டிருக்கிறது: 2011 நவம்பர் 13.

அந்தத் திகதி பிழை. நவம்பர் 13 ஞாயிற்றுக்கிழமை. படத்தில் குருவிக்குப் பின்னால் உடுப்புக் கொடியில் தொங்குபவை என்னுடைய பள்ளிக்கூடச் சட்டைகள். அவற்றில் ஒன்றை அன்று காலையிலேயே ஈரத்தோடு போட்டுக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கும் போவதில்லை. ஆகவே படம் எடுக்கப்பட்டது மறுநாள், திங்கட்கிழமை விடியற்காலை. பெரியப்பா, அதாவது அம்மாவின் அக்காவின் கணவர், கனடாவிலிருந்து வந்தவர். விமானம் இறங்கியதும் கைக்கடிகாரத்தை மாற்றியவர் கமராவின் கடிகாரத்தை மாற்ற மறந்துவிட்டார். இங்கே திங்கள் விடியும்போது அங்கே இன்னும் ஞாயிறு முடிந்திருக்காது. கமரா கடைசிவரை அந்த ஊர்த் திகதியிலேயே இருந்துவிட்டுப் போனது.

இந்த ஒரு பிழையைத் திருத்த எனக்கு ஒரு பழைய நாட்காட்டி போதுமாக இருந்தது. மற்றவற்றுக்கு அது போதவில்லை.

அம்மாவின் அப்பா தன் இரண்டு பெண்களுக்கும் சீதனம் வைத்தவர். மூத்தவரான பெரியம்மாவுக்குப் பாலையூற்று வீடு. இளையவரான அம்மாவுக்குச் சம்பூரில் ஒரு வளவும் வயலும். பெரியம்மா கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனார். நாங்கள் 2006இல் சண்டைக்குப் பயந்து சம்பூரை விட்டு ஓடினோம். பல இடங்களில் இருந்த பிறகு, "வீடு சும்மாதானே கிடக்கு, போய் இருங்கோ" என்று பெரியம்மா தொலைபேசியில் சொன்னார். பாலையூற்று வீட்டில் எங்களுக்கு இருந்த ஒரே உரிமை அந்த வாக்கியம்தான். 2011இல் சம்பூருக்குத் திரும்பிப் போக வழி திறந்திருக்கவில்லை. வீடு கை மாறினால் நாங்கள் போக இடமில்லை. இதை யாரும் எனக்கு விளக்கிச் சொன்னதில்லை. கனடாத் தொலைபேசி வரும்போதெல்லாம் அம்மாவின் முகம் மாறுவதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

அம்மா வளவு கூட்டும் விதத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். விடியுமுன் எழும்பி, விளக்குமாற்றோடு கிணற்றடியில் தொடங்கி வாசல்வரை வருவார். ஒரு சருகு மிஞ்சாது. மண்ணில் ஈர்க்குக் கோடுகள் சீப்பால் வாரியது போலக் கிடக்கும். சம்பூரில் எங்கள் வளவைக் காடு மூடிவிட்டது என்றும் வீடு இருந்த இடமே தெரியவில்லை என்றும் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்த யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் அம்மாவின் கூட்டல் இப்படிக் கடுமையானது என்று அப்பா சொல்வார். கூட்டாத வளவு ஆளில்லாத வளவு. ஆளில்லாத வளவுக்கு ஆள் வந்துவிடும். இடம்பெயர்ந்து திரிந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது.

இப்படியிருந்த வீட்டுக்கு, "குருவி படம் எடுக்க வாறன்" என்று சொல்லிக்கொண்டு பெரியப்பா வந்தார். ஒக்ரோபர் கடைசிக் கிழமை.

"கடல் தாண்டி, இவ்வளவு காசு குடுத்துக் குருவி பாக்க வாறதெண்டா, அங்க குருவி இல்லையே?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கும். குளிருக்கு ஓடியிருக்கும்" என்றார் அப்பா. அப்பா ஓட்டோ ஓடுபவர். எந்தக் கவலையையும் ஒரு பகிடியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று நம்புபவர்.

பெரியப்பாவின் பெட்டியில் சொக்கலேட்டுகளுக்கு அடியில், இரண்டு துவாய்களில் சுற்றிய சாம்பல்நிறக் குழாய் ஒன்று இருந்தது. என் முழங்கை அளவு நீளம். கமராவின் முன்னால் பூட்டுகிற வில்லை அது. தம்பி அதைப் பார்த்த மாத்திரத்தில், "பெரியப்பா, துவக்கோ?" என்று உரத்துக் கேட்டான். அப்பா எழும்பிப் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அண்ணை, நேவிக்காரர் நிக்கிற ஹாபர் றோட்டுப் பக்கம் போனா உந்தக் குழாயை வெளிய எடுக்காதேங்கோ. குருவியைத்தான் எடுத்தனீங்கள் எண்டு நான் சொன்னாலும் ஆர் நம்புவினம்?"

"நீங்களே நம்பேல்லப் போல கிடக்கு, தம்பி" என்று பெரியப்பா சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அவர் நல்ல மனிதர்தான். தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பார். அதுவே அம்மாவுக்கு முதல் சந்தேகமாக இருந்தது. சொந்தக்காரர் வீட்டில் இவ்வளவு பணிவாக நடக்கிறவர் மனதில் எதையோ வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. நான் பெரியப்பாவோடு கூட இருந்து, அவர் எதையெல்லாம் எடுக்கிறார் என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு உத்தரவானது. எனக்கு அது உத்தரவாகவே தெரியவில்லை. கமராவின் பின்பக்கக் கண்ணாடியில் படங்களைப் பார்க்கக் கிடைக்கிற வேலை அது.

முதலில் வந்தது ஒரு வெள்ளைக் குருவி. கரிய தலை, உடலைவிட நீண்ட வெள்ளை நாடா போன்ற வால். அரசவால் குருவி என்றார் பெரியப்பா. கிணற்றுக் கட்டில் வந்து குந்தி, சிந்திய தண்ணீரில் குளித்தது. நான் அதுவரை அப்படி ஒன்றைக் கண்டதில்லை. வந்திருக்கலாம், பார்த்திருக்க மாட்டேன். ஆனால் பெரியப்பா அதை உடனே எடுக்கவில்லை. பின்னால் சிவப்பு வாளி தெரிகிறது என்றார். வாளியை எடுத்தேன். குருவி பறந்தது. மறுநாள் வந்தபோது தம்பியின் சைக்கிள் சில்லு தெரிந்தது. அதற்கும் மறுநாள், கிணற்றுக்கும் பலாமரத்துக்கும் இடையில் கட்டியிருந்த உடுப்புக் கொடி குறுக்கே வருகிறது என்று சொல்லி, அம்மாவைக் கேட்காமலே அதை அவிழ்த்துச் சுருட்டிக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டார்.

"எங்கட சாமான் ஒண்டும் படத்தில விழக்கூடாதாம்" என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அது எனக்கு ஒரு தொழில் நுணுக்கமாகத்தான் தெரிந்தது. அம்மா அடுப்பிலிருந்த புட்டை இறக்காமல் நின்றார்.

"ஒண்டும் விழக்கூடாதோ?"

"ஓம். வெறும் வளவு மாதிரி இருக்கவேணுமாம். ஆக்கள் இருக்கிற இடம் எண்டு தெரியக்கூடாதாம். அப்பதான் வடிவாம்."

அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார். அந்த அன்ரி எங்கள் ஒழுங்கையின் செய்திகளை வெளியாகுமுன்பே அறிந்தவர்.

"உங்கட அத்தான் வளவைப் படம் எடுக்கிறாராம்?"

"குருவி எடுக்கிறார்" என்றார் அம்மா.

"முதல் படம் எடுப்பினம், பிறகு அளப்பினம், பிறகு காணி எழுத நொத்தாரிசிட்டப் போவினம். வெளிநாட்டு ஆக்களை எனக்குத் தெரியாதே? ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரர் வந்து நிண்டவர். அவர் பூக்கண்டு எடுக்கிறன் எண்டவர்."

கடைசி வீட்டில் அப்போது வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா அளந்தார். அதை மறைத்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை. நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தவளே நான்தான். குசினி யன்னலிலிருந்து பலாமரத்தடிவரை. மரத்தடியின் இடது மூலையில் ஒரு கல்லைப் போட்டு, அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் குருவி வந்தால் யன்னலுக்குள்ளிருந்தே எடுக்கலாம், வில்லை அவ்வளவு தூரத்துக்குப் பிடிக்கும் என்றார். இதையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். அம்மா முதல் பாதியை மட்டும் கேட்டார்.

"அளந்தவரோ?"

"ஓம். நான்தான் பிடிச்சனான்."

பெரியப்பா காத்திருந்தது ஆறுமணிக் குருவிக்காக. காலையிலும் மாலையிலும் ஆறு மணி அளவில், மதிலுக்கு அப்பால் அன்ரியின் வளவிலிருந்து, இரண்டு தடவை விசிலடித்தது போல ஒரு குரல் வரும். கேட்டதும் பெரியப்பா கையிலிருந்த தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிடுவார். ஒவ்வொரு வருடமும் இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி வந்து, மழைக்காலம் முழுக்க இங்கே இருந்துவிட்டுத் திரும்பிப் போகிற குருவி என்றார். மரத்தில் இருப்பதைவிட நிலத்தில் தத்தித் திரிவதுதான் கூட. சருகைக் கிளறிப் பூச்சி பிடிக்கும். வெட்கம் கூடிய சாதி. தோட்டக்கள்ளன் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு என்றார்.

"பேரிலேயே கிடக்கு" என்று குசினிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அது ஏன் அன்ரியின் வளவில் மட்டும் கத்துகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அன்ரி கூட்டுவதில்லை. அங்கே சருகு கணுக்கால் அளவு கிடந்தது. ஆனால் அங்கே நாயும் இருந்தது. ஆளைக் கண்டால் விடாது. ஆகவே குருவியை எங்கள் பக்கத்துக்கு வரவழைக்க வேண்டும். அதற்கு வழி ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, அம்மாவிடம் மிகுந்த மரியாதையோடு அதைக் கேட்டார்.

"தங்கச்சி, அந்தப் பலாமரத்தடி மூலையை மட்டும் கொஞ்ச நாளைக்குக் கூட்டாம விடுவீங்களே? சருகு விழுந்தபடி கிடக்கட்டும்."

அம்மா ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த மூலையை மற்ற இடங்களுக்கு முன்னால் கூட்டினார்.

பெரியப்பா அது மறதி என்று எடுத்துக்கொண்டார். அன்று முழுவதும் பலாவிலிருந்து விழுந்த இலைகளை நானும் தம்பியும் அவருடன் சேர்ந்து அந்த மூலையில் பரப்பினோம். அடுத்த விடியலில் அங்கே ஈர்க்குக் கோடுகள் மட்டுமே இருந்தன. மறுபடி பரப்பினோம். மறுபடி கோடுகள். இலைகளைப் பரப்புகிற வீடும் அதைக் கூட்டுகிற வீடும் ஒன்றாக இருந்ததில் எனக்கும் தம்பிக்கும் ஒரே குஷி. மூன்றாவது தடவை அவர் சிரிக்கவில்லை.

"குப்பையைத்தானே தங்கச்சி கேட்டனான்? காணியையே கேட்டனான்?"

"இண்டைக்குக் குப்பை, அத்தான்" என்றார் அம்மா. விளக்குமாற்றை நிலத்தில் தட்டி நிமிர்த்திக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அந்தக் கிழமையில்தான் அப்பாவும் பகிடியைக் கைவிட்டார். பெரியப்பா ஓட்டோவில் டவுனுக்குப் போய்வருவது வழக்கம். கமராவுக்கு மின்கலம், தேசிக்காய், தம்பிக்குப் பந்து என்று ஏதாவது வாங்கி வருவார். வெள்ளிக்கிழமை, பிரதான வீதியில் ஒரு பெயர்ப்பலகைக்கு முன்னால் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். நொத்தாரிசு ஒருவரின் வீடு. அப்பா ஓட்டோவிலேயே இருந்தார். பெரியப்பா கையில் ஒரு காக்கி உறையோடு வெளியே வந்து, செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை வர வேண்டியிருக்கும், ஒரு கையெழுத்து இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அப்பா இதை அம்மாவிடம் குசினியில் சொன்னபோது நான் தேங்காய்த் துருவலை வாயில் போட்டபடி பக்கத்தில் நின்றேன்.

"என்ன கையெழுத்தாம்?"

"நான் கேக்கேல்ல."

"ஏன் கேக்கேல்ல?"

"கேட்டா அவர் சொல்லிப்போடுவார்" என்றார் அப்பா.

அந்தப் பதில் பல வருடம் எனக்கு அர்த்தமில்லாததாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவே கனடாவுக்கு எடுத்தார். அப்படி அவர் எடுத்து நான் கண்டதில்லை. அந்தப் பக்கத்தில் பெரியம்மா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "ஓம் அக்கா... சுகம்தான்... ஓம், குருவிதான் எடுக்கிறார்... நான் கூட்டுறனான்தான், எங்க விட்டனான்?... ஓம்... உங்கட வீடுதானே அக்கா." அதற்குப் பிறகு நெடுநேரம் அம்மா காதிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை. பெரியம்மா பேசிக்கொண்டிருந்தாரா, இருவருமே பேசாமல் இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

பின்னேரம் முழுவதும் மழை. அம்மா, காலையிலேயே தோய்த்து முன்வாசலில் காயவைத்திருந்த ஒரு கிழமைக்கான பள்ளிக்கூட உடுப்புகளை அயன் செய்து அலுமாரியில் அடுக்கினார். என் ஐந்து வெள்ளைச் சட்டைகள், தம்பியின் சேட்டுகள், நீலக் காற்சட்டைகள். பெரியப்பா தன் பெட்டியை அடுக்கத் தொடங்கியிருந்தார். புதன்கிழமை அவருக்கு விமானம். குருவி கிடைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அவர் பெட்டியின் மேல்மடியில் அந்தக் காக்கி உறையையும் கண்டேன். அதையும் போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமை நான் எழும்பியபோது வழக்கமான சத்தம் கேட்கவில்லை. அம்மா கூட்டவில்லை. யன்னலால் பார்த்தேன். முந்தின இரவுக் காற்றிலும் மழையிலும் விழுந்த சருகெல்லாம் பலாமரத்தடியில் விழுந்தபடியே கிடந்தது. அதற்குப் பின்னால் அம்மா நின்றார். பெரியப்பா அவிழ்த்த கொடியைப் பழையபடி இழுத்து, கிணற்றுத் தூணுக்கும் பலாவுக்கும் இடையில் முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து அலுமாரியைத் திறந்தார். அயன் செய்து மடித்த என் வெள்ளைச் சட்டைகளை எடுத்தார். தம்பியின் காற்சட்டைகள், அப்பாவின் ஓட்டோச் சட்டை, சாரம், தன் பச்சைச் சேலை. எல்லாவற்றையும் கை நிறையக் கொண்டுபோய் அந்தக் கொடியில் ஒவ்வொன்றாக உதறிப் போட்டார்.

"அம்மா, அது காஞ்ச உடுப்பு!" என்றேன்.

"வாயை மூடிக்கொண்டு பெரியப்பாவை எழுப்பு."

எழுப்பத் தேவையிருக்கவில்லை. குரல் கேட்டு அவரே எழும்பி வந்துவிட்டார். அந்தத் தடவை குரல் மதிலுக்கு அப்பாலிருந்து வரவில்லை.

குசினி யன்னலில் கமராவை வைத்துவிட்டு அவர் குனிந்தார். நான் அவர் தோளுக்குப் பக்கத்தில் கதிரையில் ஏறி நின்றேன். அம்மா எங்களுக்குப் பின்னால் அடுப்படியில். சருகு ஒரு இடத்தில் அசைந்தது. பிறகு அந்த இடத்தில் குருவி இருந்தது. கட்டை வால், பச்சை முதுகு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி. இறகை விரித்தபோது மட்டும் ஒரு நீலம் தெரிந்து மறைந்தது. இவ்வளவு நிறத்தையும் போட்டுக்கொண்டு சருகுக்குள் ஒளிந்து திரிகிற ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. அது இரண்டு தத்துத் தத்தி, பெரியப்பா போட்ட கல்லுக்குப் பக்கத்தில், சரியாக என் வெள்ளைச் சட்டைகளுக்குக் கீழே வந்து நின்றது.

கமராவிலிருந்து சத்தம் வரவில்லை. அவர் கண்ணை எடுத்து, கொடியைப் பார்த்தார். நான் கதிரையிலிருந்து இறங்க ஆயத்தமானேன். வாளிக்கும் சில்லுக்கும் நடந்ததுதான் இதற்கும் நடக்கும்: "பிள்ளை, அந்தக் கொடியை மெல்லமா அவிழ்த்துவிடு." பின்னால் அகப்பைச் சத்தமும் நின்றுவிட்டது.

அவர் சொல்லவில்லை. மறுபடி குனிந்தார். பிறகு கமரா தொடர்ச்சியாக அழுத்தப்படும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. குருவி ஒரு மண்புழுவை இழுத்தெடுத்து விழுங்கிவிட்டு, அவசரமில்லாமல் மதில் பக்கம் போனது.

"போதுமே, அத்தான்?" என்றார் அம்மா.

"போதும்."

"எல்லாம் விழுந்துதோ படத்தில?"

அவர் கமராவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைக் காட்டவும் இல்லை. முதல் தடவையாக.

"எல்லாம் விழுந்திருக்கு, தங்கச்சி."

அம்மா எனக்குப் பிளேன்ரீயைத் தந்துவிட்டு, கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து வந்து போடச் சொன்னார். தூறலிலும் பலாவிலிருந்து சொட்டிய தண்ணீரிலும் அது நனைந்து முதுகோடு ஒட்டியது. அன்று முழுவதும் வகுப்பில் அதே நினைப்பு. அம்மாவுக்கு விசர் பிடித்துவிட்டது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் காற்சட்டையும் ஈரம்தான். அவன் ஒத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. நொத்தாரிசிடம் போக அப்பா ஓட்டோவைத் துடைத்து நிறுத்தினார். பெரியப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, "மழையா கிடக்கு, விடு தம்பி" என்றார். புதன்கிழமை போய்விட்டார்.

அவர் போனதோடு சந்தேகம் போகவில்லை. இங்கே வைக்காத கையெழுத்தை அங்கே வைக்க ஏலாதா என்பது அம்மாவின் கேள்வி. அடுத்த பல மாதங்களுக்கு ஒழுங்கையில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மா விளக்குமாற்றோடு அப்படியே நிற்பார். கடைசியில் வந்தது இந்தப் படம். அம்மா உறையைப் பிரித்ததும் குருவியைப் பார்க்கவில்லை. கொடியைப் பார்த்தார். விரலை வைத்து ஒவ்வொரு உடுப்பாகத் தொட்டுக்கொண்டு போனார். எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு படத்தைத் திருப்பி, அந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டு அலுமாரிக்குள் வைத்தார்.

வீடு விற்கப்படவில்லை. சம்பூர் வளவு எங்களுக்குத் திரும்பிக் கிடைத்த பிறகும் நாங்கள் பாலையூற்றிலேயே இருக்கிறோம். பெரியம்மா பிறகு அம்மாவின் பெயருக்குக் காணி உறுதி எழுதிக் கொடுத்தார். பெரியப்பா இப்போது இல்லை. அவருடைய செத்தவீடு முடிந்த சில மாதங்களில் பெரியம்மாவிடம் தொலைபேசியில் நேரடியாகவே கேட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. விற்கத்தான் அனுப்பினேன் என்றார். தன் பெயரில் வீட்டை விற்க அவருக்கு அற்றோணித் தத்துவம் என்கிற அதிகாரப் பத்திரத்தை எழுதிக் கொடுத்து அனுப்பியதும் உண்மை. வாங்க ஆள் பார்த்து வைத்திருந்ததும் உண்மை. குருவியும் உண்மைதானாம். எங்கே போனாலும் அவர் அந்தக் குழாயைக் கொண்டுதான் போவாராம். ஆகவே எங்கள் வீட்டில் அன்று சந்தேகப்பட்டவர்கள் சரியாகவே சந்தேகப்பட்டார்கள். சந்தேகிக்கப்பட்ட பெரியப்பாவும் பொய் சொல்லவில்லை.

"அவர் வந்து, விக்கிறதைப் பற்றி ஒரு கதையும் கதைக்கேல்ல" என்றார் பெரியம்மா. "அந்தப் படத்தைப் பெரிசாக்கி ஹோலில மாட்டினார். குருவிப்படமாம். நான் பாத்தா, எனக்குத் தெரியிறது என்ர தங்கச்சியின்ர பச்சைச் சீலை. அது நான் அனுப்பின சீலை. அதுக்குப் பிறகு நானும் அந்தக் கதையை எடுக்கேல்ல."

ஒரு விடயம் மிச்சம் இருக்கிறது. படத்தைக் கையில் வைத்து உற்றுப் பார்த்தால் தெரியும்: இதில் குருவி தெளிவாக இல்லை. அதன் ஓரங்கள் சற்றே கரைந்திருக்கின்றன. கத்தி போலத் தெளிவாக இருப்பவை பின்னால் இருக்கும் உடுப்புகள்தான். என் சட்டையின் அயன் மடிப்பு தெரிகிறது. தம்பியின் காற்சட்டையில் அம்மா போட்ட தையல் தெரிகிறது. ஒரு வாளியைக்கூடப் பொறுக்காத மனிதர், குருவி கரைந்த ஒரு படத்தை அச்சிட்டு, பெரிதாக்கி, தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். விடியல் வெளிச்சத்தில் கமரா தானாகவே குருவியை விட்டு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்று, படம் எடுப்பதில் பழக்கமுள்ள ஒருவர் எனக்குச் சொன்னார். அப்படி நடப்பதுண்டாம்.

அன்று காலை கமரா பல தடவை அழுத்தப்பட்டது. அதை என் காதால் கேட்டேன். அந்தப் படங்கள் இருந்த வன்தட்டை இப்போது திறக்க முடியவில்லை என்று பெரியம்மாவின் மகன் எழுதியிருக்கிறான். குருவி தெளிவாக விழுந்த படம் ஒன்றாவது அவற்றில் இருந்ததா என்பது இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.